உள்பக்கம் சேவல்

“ஊசி முனைகூட உள்ளே போகாத கவசம் ஒண்ணு வேணும், வாத்தியாரே,” என்றாள் ஜெசிந்தா.

வியாகுலம் தகரம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“யாருக்கு, அக்கா?”

“என் மகளுக்கு.”

“எந்த ஊர்ச் சண்டைக்கு?”

“சண்டைக்கு இல்ல. நம்ம பாஸ்கா நாடகத்துக்கு.”

கத்திரி நின்றது.

“அதுல ஈட்டியே அட்டையிலதானே செய்யிறோம்?”

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

வியாகுலம் அவளைவிட வயதில் சின்னவள். ஆனாலும் ஊருக்கே வாத்தியார். ஈஸ்டரை ஒட்டி நடக்கிற சிலுவைப் பாடுகளின் நாடகத்துக்கு ரோமைப் போர்வீரர்கள் அத்தனை பேரும் அவளுடைய கொட்டகையிலிருந்துதான் கிளம்பிப் போவார்கள். மார்புக் கவசம், காலி எண்ணெய் டின். தலைக்கவசம், அடி தேய்ந்த அலுமினியச் சட்டி. அதன் உச்சியில் சிவப்புச் சாயம் தோய்த்த துடைப்பக் கட்டு. கேடயம், யாரோ கழற்றிப் போட்ட டிஷ் ஆன்டெனா. எல்லாம் காயலான் கடையிலிருந்து வந்த சேனை.

டின்னில் படம் அச்சடித்த பக்கம் உள்ளே போகும். வெறுந்தகரம் வெளியே மினுங்கும். அதனால் ஒவ்வொரு வீரனுக்கும் நெஞ்சோடு ஒட்டி ஒரு படம் உண்டு. ஆட்டோ ஓட்டும் சேசுராஜுக்குச் சூரியகாந்தி. கறிக்கடைக்காரருக்குப் பிஸ்கட் தின்னும் பாப்பா. நாடகம் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. போட்டிருக்கிறவனுக்குத் தெரியும்.

ஜெசிந்தாவின் மகள் அமலிக்கு நெஞ்சில் வேறொன்று இருந்தது. நடுவில், மேலிருந்து கீழாக ஒரு தழும்பு. கைக்குழந்தையாக இருந்தபோது இதயத்தில் செய்த அறுவை சிகிச்சை.

“இனிமே எல்லாப் பிள்ளைங்க மாதிரியும் ஓடட்டும், குதிக்கட்டும்” என்று டாக்டர் சொல்லி வருடங்கள் ஆகின்றன. ஜெசிந்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடியே பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனாள். பிள்ளை தூங்கும்போது நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். துடிப்பைக் கை உணர்ந்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம்.

இந்த வருடம் அமலி தானாகவே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். போர்வீரன் வேடம். கைது நடக்கும் தோட்டத்துக் காட்சியில் வீரர்கள் பந்தம் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டும்.

“சேர்த்துக்க வேண்டாம்னு கோயில் சாமியார்கிட்ட சொல்லிடலாமே, அக்கா.”

“சொல்லத்தான் போனேன். பின்னாலேயே வந்து ‘ப்ளீஸ்மா, ப்ளீஸ்மா’ன்னா. பாதியில திரும்பிட்டேன்.”

“அப்ப ஓடட்டும்.”

“ஓடினா எவனாவது இடிப்பான். விழுவா. கவசம் கெட்டியா இருந்தா விடுறேன். இல்லேன்னா வீட்டோட இருக்கட்டும்.”

வியாகுலம் கத்திரியைத் திருப்பி, கைப்பிடிப் பக்கமாக நீட்டினாள்.

“நீங்களே செய்யுங்க. நான் செஞ்சு குடுத்தா தட்டித் தட்டிப் பார்ப்பீங்க. நம்ப மாட்டீங்க.”



ஜெசிந்தா தையல்காரி. அளவெடுக்கவும் வெட்டவும் யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டின்னை அமலி தேர்ந்தெடுத்தாள். கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு நிற்கும் சேவல் படம் போட்டது.

“சேவல் என்னைப் பார்த்துத்தான் இருக்கணும்மா.”

“உள்ள இருட்டா இருக்கும். அது எப்படி உன்னைப் பார்க்கும்?”

“சேவலுக்கு இருட்டு பழக்கம்தானே,” என்றாள் அமலி.

முதல் கவசத்தைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தா கொட்டகைக்கு வந்தபோது அவள் முகமே மினுங்கியது. வெளியே ஒரு கோணல் இல்லை, ஒரு கீறல் இல்லை. வெட்டிய விளிம்புகளையெல்லாம் உள்பக்கமாக மடித்து மறைத்திருந்தாள். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள்.

“எப்படி?”

வாத்தியார் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கவசத்தைக் கவிழ்த்து, தன் மணிக்கட்டைக் கழுத்து விளிம்பின் உள்ளே வைத்து மெல்ல இழுத்தாள்.

ஒரு சிவப்புக் கோடு எழுந்தது.

“ஐயோ, வாத்தியாரே!”

“ஏன் உள்ள மடிச்சீங்க?”

“பிசிறை உள்ளதானே தள்ளணும்? ஜாக்கெட்டுக்கு அப்படித்தானே…”

“ஜாக்கெட்டுல பிசிறுன்னா நூல்.” வியாகுலம் கையைப் பழந்துணியில் துடைத்தாள். “இதுக்கு வெளிய யார் இருக்கா, அக்கா?”

“பார்க்க வர்ற ஜனங்க.”

“உள்ள?”

ஜெசிந்தா கவசத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.



விளிம்பை வெளிப்பக்கமாக மடிக்கக் கற்றுக்கொண்டாள். மடிப்புக்குள் ஒரு கம்பியை ஓடவிட்டு, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி உருட்டினால் விளிம்பு விரல்போல் மழமழவென்று ஆகிவிடும். அது கைக்கு வந்தபோது அவளுக்கே ஆச்சரியம். தன் கன்னத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்தாள்.

ஆனால் வேறொரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது.

“வாத்தியாரே, அடி எந்தப் பக்கத்துலேருந்து வரும்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

வியாகுலம் டிஷ் ஆன்டெனாக் கேடயத்தை அவள் கையில் கொடுத்தாள். தான் ஒரு துடைப்பக் குச்சியை எடுத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா முகத்தை மறைத்தாள். குச்சி முழங்காலில் தட்டியது. முழங்காலை மறைத்தாள். உச்சந்தலையில் தட்டியது. தலைக்குத் தூக்கினாள். முதுகில் தட்டியது.

“இது சின்னதா இருக்கு!”

“பெருசு வேணுமா?”

“ஆமா.”

கொட்டகை மூலையில் துருப்பிடித்த இரும்பு பீரோ ஒன்று கிடந்தது. வியாகுலம் குச்சியால் அதைக் காட்டினாள்.

“அதுக்குள்ள போய் நின்னுக்குங்க.”

ஜெசிந்தா அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. யோசனை என்று எடுத்துக்கொண்டாள்.



இரண்டாவது கவசத்தைச் சேசுராஜின் ஆட்டோவில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டு டின் தகரம், நடுவே பழைய ஆட்டோ சீட்டின் ஸ்பாஞ்சு. முதுகுக்கும் அதே கனம். கழுத்தில் மோவாய்வரை பட்டை. அக்குளுக்குக்கூட மூடி. விளிம்பெல்லாம் மழமழ. இடைவெளி என்று ஒன்று இல்லை.

அமலியை உள்ளே விட்டு, கம்பியால் முறுக்கிக் கட்டினாள். பிள்ளையின் கண்ணும் மூக்கும் மேலே தெரிந்தன.

சேசுராஜ் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தான்.

“அக்கா, இது கவசமா, பீரோவா? சாவி யார்கிட்ட இருக்கு?”

“நீ வாயை மூடு, தம்பி. வாத்தியாரே, இப்ப சொல்லுங்க. எங்கேயாவது ஊசி நுழையுமா?”

“நுழையாது,” என்றாள் வியாகுலம். கையிலிருந்த ஆணியைக் கீழே போட்டாள். “அமலி, அந்த ஆணியை எடுத்துக் குடு.”

அமலி குனியப் பார்த்தாள். கவசம் குனியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள். கவசம் சாய்ந்தது, நிற்கவில்லை. தடாலென்று மல்லாந்து விழுந்து, கவிழ்ந்த ஆமைபோல் இப்படியும் அப்படியும் ஆடினாள்.

ஜெசிந்தா பாய்ந்து போய் மகளின் நெஞ்சில் கை வைத்தாள்.

கைக்கு வந்தது தகரம்.

“அமலி! வலிக்குதா? மூச்சு வருதா?”

“வருதும்மா.”

“துடிக்குதா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீதானே பார்ப்ப?”

தட்டினாள். மொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அழுத்தினாள். ஸ்பாஞ்சு பிதுங்கியது. கம்பி முறுக்கைப் பிரிக்கும்போது நகம் ஒடிந்தது. சேசுராஜ் குறட்டைத் தேடி ஓடினான். அவன் வருவதற்குள் அவளே பல்லால் கடித்துத் திருகி ஒரு பக்கத்தைத் திறந்து, கையை உள்ளே விட்டாள். வேர்வையில் நனைந்த சட்டை. அதற்கு அடியில், ஒன்றுமே நடக்காததுபோல், நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது வியாகுலத்தின்மேல் பாய்ந்தது.

“கல்லு மாதிரி நின்னு வேடிக்கை பார்க்கிறீங்களே, வாத்தியாரே!”

“எதைத் தேடினீங்க, அக்கா?”

“துடிப்பைத்தான்!”

“எங்க போயிருந்துச்சு?”

அமலி இதற்குள் கவசத்திலிருந்து நழுவி வெளியே வந்து, ஆணியை எடுத்து வாத்தியாரிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.



மூன்றாவது கவசத்தை ஜெசிந்தா யாரையும் கேட்காமல் செய்தாள். அதே சேவல் டின், ஒற்றைத் தகரம். விலாப் பக்கம் இரண்டையும் திறந்தே விட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பின்னினாள். பிள்ளை மூச்சு இழுத்தால் ரப்பரும் இழுத்துக் கொடுத்தது.

அன்று கோயிலில் ஒத்திகை. அமலியைக் கவசத்தோடு சேசுராஜின் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். “போறப்பவும் ஆட்டோ, வர்றப்பவும் ஆட்டோ” என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். பிறகு கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள். மிச்சம் விழுந்த தகரத் துண்டு ஒன்றைக் கையில் வைத்து வளைத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு மெலிசு. விரலால் சுண்டினால் நெடுநேரம் அதிர்ந்தது.

“இது எதைத் தாங்கும், வாத்தியாரே?”

“தெரியலையே, அக்கா.”

வாத்தியார் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

“உங்களுக்கே தெரியலேன்னா நான் யாரைப் போய்க் கேட்கிறது?”

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. அமலி நின்றிருந்தாள். சட்டித் தொப்பி ஒருபக்கம் சாய்ந்து, துடைப்பக் கொண்டை காதில் தொங்கியது. ஆட்டோ வந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை.

வழக்கம்போல் ஜெசிந்தாவின் கை நெஞ்சுக்குப் போனது. தகரத்தில் பட்டு நின்றது.

“காதை வைங்க,” என்றாள் வியாகுலம்.

ஜெசிந்தா மண்டியிட்டு, காதைத் தகரத்தில் அழுத்தினாள்.

முதலில் சில்லென்றிருந்தது. பிறகு அது வந்தது. உள்ளங்கையில் அவள் அறிந்திருந்தது ஒரு சிறு அசைவு மட்டும். இது முழங்கியது. மெல்லிய தகரம் முழுக்க அதிர்ந்து, சேவலின் அந்தப் பக்கத்திலிருந்து திமுதிமுவென்று வந்துகொண்டிருந்தது.

“வாத்தியாரே! என்ன இவ்வளவு வேகமா அடிக்குது!”

“என்னை ஏன் கேட்கிறீங்க? கவசத்துக்குள்ள ஆள் இருக்குல்ல.”

“என்னடி செஞ்ச, அமலி?”

“சேசுராஜ் மாமா டீ குடிக்கப் போயிட்டாரு.”

“அதனால?”

“ஓடி வந்தேன்.”

“எங்கேருந்து?”

“கோயில்லேருந்தே.”

“நடுவுல நிக்காமலா?”

“ம்.”

ஜெசிந்தா காதை எடுக்கவில்லை. வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. யாரும் தொடாமல், யாரும் பிடித்து நிறுத்தாமல், தானாகவே இறங்கி, தானாகவே தன் பழைய நடைக்கு வந்து சேர்ந்தது. கடைசிவரைக்கும் கேட்டாள்.

பிறகு நிமிர்ந்து, மகளின் தொப்பியை நேராக வைத்தாள்.

“இன்னொரு தடவை ஓடிட்டு வா,” என்றாள்.