தட்டினால் வரும் ஆமை

கடலோர மடத்தில் விடிந்ததும் சபாரத்தினம் செய்கிற முதல் வேலை, குருவின் கதவைத் தட்டுவது. கேட்க ஒரு சந்தேகம் இருக்கும். முன்பெல்லாம் உள்ளேயிருந்து பதில் வரும். போன மழைக்காலத்திலிருந்து இருமல் மட்டும்தான் வருகிறது. கதவு திறப்பதில்லை.

சீடருக்குத் தலை நரைத்துவிட்டது. குரு அவரைவிட இளையவர். கேட்டுக் கேட்டு ஒருவரும் சொல்லிச் சொல்லி மற்றவரும் அலுத்துப் போயிருந்தார்கள்.

அப்படியொரு காலையில்தான் அந்த ஆமை கரையில் கிடந்தது. சோற்றுத் தட்டளவு இளசு. கிழிந்த வலை துடுப்புக் காலை அறுத்திருந்தது. சபாரத்தினம் அதைத் தூக்கிவந்து, மாடு தண்ணீர் குடிக்கும் பழைய தொட்டியில் விட்டார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க," என்றான் வலை பின்னிக்கொண்டிருந்த காத்தவராயன்.

"இனிமேலா உருப்படாமல் போகப்போகிறது," என்றார் குரு, மூடிய கதவுக்குள்ளிருந்து.

சபாரத்தினம் கடல்நீரைக் குடம் குடமாகச் சுமந்தார். தோள் காய்த்தது. புண்ணைக் கழுவினார். தொட்டி விளிம்பில் தட்டிவிட்டுக் கையால் இறால் ஊட்டினார். புண் ஆறிற்று. பிறகு தட்டினாலே போதும், ஆமை தலையை நீட்டிக்கொண்டு வந்தது.

கடலில் விட வேண்டிய நாளில் காத்தவராயன் வந்தான். அவனுக்குக் காட்ட சபாரத்தினம் தட்டினார். ஆமை வந்தது.

"கெடுத்துட்டீங்களே சாமி."

"என்னத்தைக் கெடுத்தேன்?"

"வலையைச் சுத்தி விட்டதும் படகுப் பலகையைத் தட்டுவோம். சத்தத்துக்கு மெரண்டு மீனு வலையில பாயும். இது இரைன்னு நெனச்சு ஓடியாரும். மாட்டிக்கிட்டு மூச்சு முட்டிச் சாவும்."

சபாரத்தினம் தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னார்.

இந்த முறை குரு வெளியே வந்தார். தொட்டி விளிம்பில் தட்டினார். ஆமை வந்தது. வெறுங்கையை நீட்டினார். ஆமை அதை முட்டிப் பார்த்துவிட்டுக் காத்திருந்தது.

"நீரும் தினம் இப்படியே செய்யும், ஓய்."

"இரை?"

"உயிர் நண்டாகப் பிடித்து அது பார்க்காதபோது போடும். துரத்தித் தின்னட்டும்."

"ஏங்குமே சுவாமி."

"ஏங்கும்."

சபாரத்தினம் தட்டினார். வந்தது. வெறுங்கை. மறுபடி தட்டினார். மறுபடி வெறுங்கை. அதன் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பார்த்தால் கொடுத்துவிடுவார்.

ஆமை இளைத்தது. பிறகு நண்டைத் துரத்தியது. ஒரு நாள் தட்டியபோது பாதி வந்து திரும்பியது. அப்புறம் வரவே இல்லை. தொட்டியடியில் நண்டு ஓடுகள் கிடந்தன. சபாரத்தினம் மூக்கைச் சிந்திக்கொண்டு காத்தவராயனைக் கூப்பிடப் போனார்.

கரை மறையும் தூரத்தில் ஆமையை இறக்கினார்கள். காத்தவராயன் பலகையைப் படபடவென்று தட்டினான். ஆமை திரும்பவில்லை. கீழே போய்விட்டது.

மறுநாள் கடல்நீர் சுமக்கும் வேலை இல்லை. சபாரத்தினம் குருவின் கதவைத் தட்டினார்.

இருமல்.

"போன மழையிலிருந்து என் சந்தேகத்துக்கு ஒரு பதிலும் இல்லை. ஆமைக்குத் திறந்த கதவை எனக்கும் திறக்கலாமே, சுவாமி."

உள்ளே காலடி கதவருகே வந்து நின்றது. பிறகு கதவுக்குப் பின்னால், மிக அருகிலிருந்து, குரல் வந்தது.

"திறந்தால் கொடுத்துவிடுவேன், ஓய்."