படகுக்கும் கரைக்கும் நடுவிலே

ரொம்ப காலத்துக்கு முந்தி, காரையாறு பாயுற நாட்டை நெடுங்கோன்னு ஒரு ராஜா ஆண்டுகிட்டு இருந்தாரு. நல்ல மனுஷர்தான். ஆனா காலையில இருக்கிற புத்தி சாயங்காலம் இருக்காது. அவர் சபையில வல்லபராயர்னு ஒரு அதிகாரி. ராஜா வேற யாரையாவது ஒரு வார்த்தை பாராட்டிட்டா போதும், அன்னிக்கு ராயருக்குச் சோறு இறங்காது.

ராஜா அடிக்கடி பாராட்டினது யாரைங்கிறீங்க? ஆத்துத்துறையில படகு விடுற பவளாயியை! "அவ படகுல ஏறினா வாய்விட்டுச் சிரிச்சிட்டுத்தான் இறங்குறேன்"னு ராஜா சொல்வாரு. ராயருக்கு வயிறு எரியும்.

அந்த நாட்டுல காப்பு ஓலைன்னு ஒண்ணு உண்டு. வருஷத்துக்கு ரெண்டு மரக்கால் நெல்லு அளந்தா, வீட்டுக்கோ படகுக்கோ சேதம் வந்தா அரண்மனை ஈடு கட்டித் தரும். ஓலையை எழுதினவர் ராயர். பவளாயி வீட்டுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஓலை வாங்கி, பத்து வருஷமா நெல்லு அளந்தா. இனி என்ன பயம்னு நிம்மதியாத் தூங்கினா, பாவம்!

ஆனி பிறந்தா படகையெல்லாம் கரையேத்தி, கவிழ்த்துப் போட்டு, இடுக்குல தண்ணி புகாம கீல் பூசுறது அந்தத் துறை வழக்கம். பவளாயியும் அப்படித்தான் செஞ்சா. ஆடியில புதுவெள்ளம் கரை புரண்டு வந்துச்சு. கரையில கிடந்த படகைத் தூக்கி, அவ வீட்டுச் சுவத்துலயே ஒரு மோது! சுவரும் போச்சு, படகும் போச்சு.

ஓலை ரெண்டையும் எடுத்துக்கிட்டு சபைக்கு ஓடினா. ராயர் மூக்கு நுனியில வச்சுப் படிச்சாரு.

"வீட்டு ஓலை தீக்கும், காத்துக்கும், கூரை வழியா இறங்குற மழைக்கும்தான். உன் வீட்டுக்குள்ள தண்ணி எந்த வழியா வந்துச்சு?"

"வாசல் வழியாத்தான் சாமி."

"அப்போ அது மழை இல்ல, ஆறு. ஓலையில ஆறு இல்ல. அடுத்தது படகு. படகு தண்ணியில இருக்கும்போது உடைஞ்சாத்தான் ஈடு. உன் படகு எங்க இருந்துச்சு?"

"கரையில. வெள்ளம் வர்ற மாசத்துல எந்தப் படகு சாமி ஆத்துல இருக்கும்?"

"அது ஆத்தைக் கேளு!" ராயர் சிரிச்சாரு.

ராஜாவுக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. ஆனாலும் விளையாட்டுப் புத்தி விடுமா? "எழுதினது எழுதினதுதான் பவளாயி. ஒண்ணு செய். மூணு நாளைக்குள்ள, இதெல்லாம் ஒரு காப்பான்னு ராயர் வாயாலேயே என் காது கேட்கச் சொல்ல வை. வீடும் படகும் நான் தர்றேன். முடியலைன்னா துறை ராயருக்கு. சம்மதமா?"

துறை போனா அவ பொழப்பே போச்சு. ஆனாலும், "சம்மதம் மகாராஜா"ன்னுட்டா.

மூணாம் நாள், வெள்ளம் வடிஞ்சதுக்கு அக்கரை அம்மனுக்குப் பூசை. பவளாயி கொழுந்தன் படகை இரவல் வாங்கி வந்து, முதல் நடையில ராஜாவைக் கொண்டுபோய் விட்டா. ரெண்டாவது நடைக்கு ராயர் வந்தாரு. புதுப் பட்டு, சரிகை அங்கவஸ்திரம், ஜவ்வாது வாசனை வேற.

"சாமிக்கு என்மேல நம்பிக்கை இருக்காது. அதான் நானே ஒரு காப்பு ஓலை எழுதிக் கொண்டாந்தேன். உங்கமேல ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் துறையை இப்பவே விட்டுத் தர்றேன். அக்கரையில பல்லக்குத் தூக்குறவங்களும், கோயில் வரைக்கும் உங்களை அலுங்காமக் கொண்டுபோறதா ஒரு ஓலை குடுத்திருக்காங்க."

ராயருக்கு வாயெல்லாம் பல்லு. மேல்வரியை மட்டும் படிச்சிட்டு, சம்மதம்னு ரெண்டுலயும் முத்திரை மோதிரத்தை அழுத்தினாரு.

படகு பூப்போலப் போச்சு. ஒரு துளி தெறிக்கல. அக்கரைக்கு ஆறடி இருக்கும்போது பவளாயி கழியை ஊனிப் படகை நிறுத்திட்டா. நடுவுல தொடையளவு வண்டல் சேறு.

"இறங்குங்க சாமி."

"சேத்துலயா? பலகையைப் போடு!"

"ஓலையில 'படகில் இருக்கும்வரை'ன்னு இருக்கே சாமி. படிக்கலையா?"

"டேய், பல்லக்கைக் கொண்டாங்கடா!"

கரையில நின்ன நாலு பேரும் கைகட்டிச் சொன்னாங்க: "எங்க ஓலை காய்ஞ்ச தரையிலேர்ந்துதாங்க."

"ராஜாவுக்குப் பலகை போட்டியே!"

"மகாராஜா ஓலை வாங்கலையே! அவரைக் கரை சேர்த்தேன். உங்களுக்கு எழுதினபடி செஞ்சேன்."

ராயருக்கு வந்ததே கோபம்! "தண்ணியில நீ காப்பாத்துவே, தரையில அவன் காப்பாத்துவான். நான் முங்கப்போற இடத்துல மட்டும் ஒருத்தனும் இல்ல! இதெல்லாம் ஒரு காப்பா? எந்த அயோக்கியன் இப்படி எழுதுவான்?"

கரையில ராஜா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. கூட்டமே சிரிச்சுது. அப்பத்தான் ராயருக்கு உறைச்சுது. வெட்கத்துல தானாவே சேத்துல இறங்கினாரு. பட்டு, சரிகை, ஜவ்வாது எல்லாம் தொடை வரைக்கும் போச்சு.

"ராயரே, இந்த வெள்ளக்காலம் முடியுற வரைக்கும் துறை துறையாப் போய், உம்ம ஓலையில எதுக்கெல்லாம் ஈடு கிடையாதுன்னு சத்தமாப் படிச்சுக் காட்டும்" என்றாரு ராஜா. பிறகு திரும்பி, "பவளாயி, வீடும் படகும் உனக்கு வந்தாச்சு. மேலே ஒரு பரிசு கேளு" என்றாரு.

"இனிமே எந்த ஓலையிலயும், எதுக்கு ஈடு கிடையாதோ அதை முதல் வரியா எழுதணும் மகாராஜா. பெரிய எழுத்துல."

"அடி பைத்தியமே, அப்படி எழுதினா எவன் வாங்குவான்?"

"வாங்கினா வாங்கட்டும், வாங்காட்டிப் போகட்டும். ஆடி மாசம் ஆத்துல தண்ணி ஏறும்போது, ஓலையை நம்பி ஒருத்தரும் படுத்துத் தூங்க மாட்டாங்க மகாராஜா. பிள்ளைகுட்டியைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடுவாங்க."

ராஜா அன்னிக்கு அதுக்கு மேல சிரிக்கல. அரண்மனை எழுத்தரை அங்கேயே கூப்பிட்டு, முதல் வரியைத் தானே சொல்லச் சொல்ல எழுத வச்சாரு.