அரசருக்குப் பாதி, வைத்தியருக்குப் பாதி

"தாயி, அரசருக்கு உடம்பு தேற மாட்டேங்குது" என்றார் வைத்தியர் சிற்றம்பலம்.

வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மாராயி புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்கண்ணே."

அவருக்கு அறுபத்திரண்டு வயது. நெடுங்குன்றச் சீமையின் அரண்மனை வைத்தியர். அவளுக்கு நாற்பதுதான். ஆனாலும் அவள்தான் குரு.

அந்த வைத்தியக் குடியில் அப்படி ஒரு வழக்கம். மருந்தரைக்கிற கல்வம் யார் கையில் இருக்கிறதோ, அவரே குரு. மாராயியின் அப்பாவிடம்தான் சிற்றம்பலம் பாடம் படித்தார். கிழவர் சாகும்போது கல்வத்தை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதில் சிற்றம்பலத்துக்கு ஒரு வருஷம் மனத்தாங்கல் இருந்தது. பிறகு அதுவும் அலுத்துப்போயிற்று.

"இன்னும் ஒன்பது நாள்ல தைப்பூசம்" என்றார். "அரசர் குதிரையேறி ஊர்வலம் வரணும். ஏற முடியலைன்னா என் விரல் போயிடும்."

"எந்த விரல்?"

வலது கையை நீட்டினார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். நாடி பார்க்கிற மூன்று விரல்கள்.

"அரசர் அவர் வாயாலேயே சொன்னாரா?"

"சொன்னார். சொல்லும்போதே எச்சில் வழிஞ்சுது. துடைச்சு விட்டதும் நான்தான்."

மாராயி இப்போதுதான் நிமிர்ந்தாள். காலையிலிருந்து பதினாறு நோயாளிகள் வந்து போயிருந்தார்கள். யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லாத நேரம் அது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போனாப் போகட்டும்னுகூடச் சில சமயம் தோணுது தாயி" என்றார் அவர். "அவ்வளவு அலுப்பா இருக்கு. விரல் இல்லைன்னா யாரும் நாடி பாருன்னு கூப்பிட மாட்டாங்க இல்ல?"



"அரசருக்கு என்னென்ன செய்யுது? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"எல்லாமும் செய்யுது."

"அது எனக்கும்தான். ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"முதல்ல முழங்கால். பதினோரு வருஷத்துக்கு முன்னால வேட்டையில குதிரை இடறி விழுந்தார். வலது முழங்கால் வீங்கிப்போச்சு."

அவள் ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"அவர் மட்டுமா விழுந்தார்?"

"குதிரைக்காரனும்தான் விழுந்தான். அவனுக்கும் முழங்கால்தான்."

"அவனுக்கு என்ன கொடுத்தீங்க?"

"உப்பு ஒத்தடம்."

"இப்ப அவன் எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன? போன மாசம் பேரனுக்கு மொட்டை போடப் பழனி மலை ஏறிட்டு வந்தான். படியில பேரனையும் தூக்கிக்கிட்டு."

"அரசருக்கு?"

"ரச செந்தூரம். பாதரசத்துல செஞ்சது."

"உப்பு ஒத்தடம் கொடுத்திருக்கலாமே?"

சிற்றம்பலம் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

"அரசருக்கு உப்பு ஒத்தடமா தாயி? சபையில அத்தனை பேர் சுத்தி நிக்கிறாங்க. உப்பை வறுத்துத் துணியில கட்டுங்கன்னு சொன்னா, இதுக்கா உனக்குப் பட்டு கட்டி உட்கார வெச்சோம்னு கேட்க மாட்டாங்களா?"

"சரி. அப்புறம்?"

"நாக்கில எந்நேரமும் செம்புக் காசு வெச்ச மாதிரி ஒரு ருசி."

இரண்டாவது கொட்டை.

"ஈறு வீங்கி ரத்தம் வந்துது. ரெண்டு பல் ஆடி விழுந்துது."

மூன்றாவது.

"எச்சில். ஊறிக்கிட்டே இருக்கும். துப்புறதுக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு படிக்கம் வேணும். அப்புறம் கை நடுக்கம். முத்திரை மோதிரத்தை ஓலையில பதிக்க முடியலை, மந்திரி கையைப் பிடிச்சுக்கிறார். தூக்கம் சுத்தமா கிடையாது. கடைசியா கோபம். முன்னெல்லாம் எறும்பை மிதிக்கவே யோசிக்கிற மனுஷன். இப்பத் தட்டுல சோறு ஆறியிருந்தா தட்டு பறக்குது."

ஏழு கொட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"நாக்கு ருசி மாறினதும் செந்தூரத்தை நிறுத்தலையா?" என்று கேட்டாள் மாராயி.

"அரண்மனையில மருந்தை நிறுத்துற வழக்கம் இல்லை தாயி. உள்ளே போனது போனதுதான். நிறுத்தினா, அப்ப இத்தனை நாள் தப்பாக் கொடுத்தியான்னு கேள்வி வரும். அதனால கூட ஒண்ணு சேர்ப்போம். ஈறுக்கு ஒண்ணு. எச்சிலுக்கு ஒண்ணு. தூக்கத்துக்கு லேகியம். இப்ப தினம் ஒன்பது கிண்ணம். நடுக்கத்துக்கு உள்ளங்கால்ல சூடு போட்டோம். கோபத்துக்குக் காதுக்குப் பின்னால அட்டை விட்டோம். அட்டைதான் கொழுத்துது."

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு அப்பா சொல்லுவார்."

"உங்கப்பா அரண்மனைக்குள்ள காலெடுத்து வெச்சதில்லை தாயி."

அதுவும் உண்மைதான். அவள் சிரித்துவிட்டாள். ஒரு சொம்பு மோர் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். குடித்தார். பாதி மார்பில் சிந்தியது.

"சரி, அரசர் கிடக்கட்டும்" என்றாள். "நீங்க எப்படிண்ணே இருக்கீங்க?"

சிற்றம்பலம் சொம்பைக் கீழே வைத்தார்.

பதினோரு வருஷமாக அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வைத்தியனை யார் நலம் விசாரிப்பார்கள்? கண் கலங்கிவிட்டது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எனக்கென்ன தாயி. வயசாச்சு."

"வயசானா என்ன செய்யுது?"

"தூக்கம் இல்லை. படுத்தா விட்டத்தைப் பார்த்துக்கிட்டே கிடக்கேன்."

மாராயி வரிசையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"கை கொஞ்சம் ஆடுது. நீயே பார்த்தியே, மோரைச் சிந்திட்டேன். ராவும் பகலும் மருந்து அரைச்ச கைதானே, ஆடாம என்ன செய்யும்?"

இன்னொரு கொட்டை நகர்ந்தது.

"பல்லு மூணு போச்சு. அதுவும் வயசுதான். வாயில எச்சில் நிக்கிறதில்லை, துண்டு நனைஞ்சுடுது. எதைத் தின்னாலும் ருசி இல்லை. செம்பை நக்கின மாதிரி..."

மூன்று கொட்டைகள் ஒன்றாக நகர்ந்தன.

 ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விழுங்கினார்.

"சொல்லுங்கண்ணே."

"உங்கண்ணி வீட்டுல இல்லை தாயி. அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா." மேல்துண்டின் நுனியை முறுக்கினார். "குழம்புல உப்பு கூடிப்போச்சு. அவ்வளவுதான் விஷயம். உலக்கையை எடுத்து வீசிட்டேன். சுவத்துல பட்டுது. அவ மேல பட்டிருந்தா? முப்பத்தெட்டு வருஷம் தாயி. ஒரு நாள் கை ஓங்கினதில்லை. நானா அதுன்னு எனக்கே தெரியலை."

மாராயி ஆறாவது கொட்டையையும் நகர்த்தினாள்.

"அரசருக்கு விட்ட மாதிரி உங்களுக்கும் அட்டை விட்டாங்களா?"

"எனக்கு எதுக்கு?"

"சூடு போட்டாங்களா?"

"இல்லை. சூடும் அட்டையும் அவருக்கு மட்டும்தான். மருந்துதான் ரெண்டு பேருக்கும். அது அரண்மனை வழக்கம். எந்தக் கிண்ணமானாலும் பாதியை அரசர் கண் முன்னால வைத்தியர் குடிக்கணும். ஒரு நாழிகை பொறுத்திருந்து, வைத்தியருக்கு ஒண்ணும் ஆகலைன்னா மீதியை அரசர் குடிப்பார். பகையாளி யாராவது மருந்துல..."

அப்போதுதான் தரையைப் பார்த்தார்.

தன் காலடியில் ஆறு கொட்டைகள். அந்தப் பக்கம் ஒன்றே ஒன்று.

"அது எது?" என்று கேட்டார்.

"நீங்கதான் சொல்லணும்."

"முழங்கால்."

"உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அரண்மனையிலிருந்து ஒரு காதம் நடந்து வந்திருந்தார்.

 மாராயி மிச்சப் புளியையும் கொட்டை எடுத்து முடித்தாள்.

"மாற்று மருந்து ஏதாவது கொடு தாயி" என்றார் கடைசியில்.

"பத்தாவது கிண்ணமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதைச் சொன்னா விரலோட போகாது. தலையே போயிடும்."

"தலை போனாலும் போகலாம்."

"சொல்லலைன்னா?"

அவள் அந்தப் பக்கம் தனியாகக் கிடந்த கொட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். எழுந்து, புளியைப் பானையில் அடைக்க உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அரண்மனையில் ஒன்பது கிண்ணங்களும் வழக்கம்போல வரிசையாக வந்தன. அரசர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாசலில் ஒரு காவலாள்.

"ஆரம்பியும்" என்றார் அரசர். ஆரம்பிக்கவும் தெம்பில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தெம்பில்லை, அப்படி ஒரு குரல்.

சிற்றம்பலம் முதல் கிண்ணத்தை எடுத்தார். பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார்.

"இன்னைக்கு மருந்து இல்லை, மகாராஜா."

"ஏன்?"

"வேண்டியதில்லை."

அரசரின் முகம் சிவந்தது. பக்கத்தில் இருந்த படிக்கத்தை எடுத்து வீசினார். அது சிற்றம்பலத்தின் தோளில் பட்டு உருண்டது. காவலாள் உள்ளே ஓடி வந்தான்.

சிற்றம்பலத்துக்கும் சுருக்கென்று கோபம் ஏறியது. கைக்கு ஒரு கிண்ணம் எட்டிற்று. எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் உலக்கை ஞாபகம் வந்தது. மெல்லக் கீழே வைத்தார்.

அரசர் அதைப் பார்த்துவிட்டார்.

"உமக்குமா?" என்றார்.

"எனக்கும்தான், மகாராஜா."

"தூக்கம்?"

"இல்லை."

"நாக்கில் அந்தச் செம்பு?"

"இப்பகூட இருக்கு."

"கையை நீட்டும்."

சிற்றம்பலம் வலது கையை நீட்டினார். அரசரும் தன் கையைப் பக்கத்தில் நீட்டினார். இரண்டு கையும் ஒரே மாதிரி ஆடின. காவலாள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான்.

அரசர் ஒன்பது கிண்ணங்களையும் ஒரு முறை பார்த்தார். புத்திசாலி மனிதர்தான். அலுப்பில் மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

"நீர் முதலில் குடிக்கிற வழக்கத்தை எங்கள் பாட்டனார் எதற்காக வைத்தார், வைத்தியரே?"

"மருந்துல விஷம் இருந்தா முதல்ல வைத்தியனுக்குத் தெரியணும்னு, மகாராஜா."

"தெரிந்ததா?"

"தெரிஞ்சுது. நேத்துத்தான்."

"பதினோரு வருஷம் கழித்து."

"ஒரு நாழிகைதான் பொறுத்துப் பார்த்தோம், மகாராஜா. அதுல ஒண்ணும் தெரியலை. அப்புறம் தெரிஞ்சதையெல்லாம் வயசுன்னு நினைச்சேன்."

 சிற்றம்பலத்துக்கு வாய் உலர்ந்துபோயிற்று. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக உலர்ந்தது.

மடியிலிருந்து புளியங்கொட்டையை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

"இதென்ன?"

"உங்க நோய், மகாராஜா. உங்களுக்கு இருந்தது இது ஒண்ணுதான். மத்தது எல்லாம் நான் கொடுத்தது."

காவலாள் இடுப்பு வாளில் கை வைத்துக்கொண்டு அரசரைப் பார்த்தான்.

அரசர் கையை நீட்டி வைத்தியரின் மூன்று விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். சிற்றம்பலம் கண்ணை மூடிக்கொண்டார்.

விரல்கள் எதன் மேலோ பட்டன. வேட்டித் துணி. அதற்குக் கீழே வீங்கிய எலும்பு.

"இங்கேதான்" என்றார் அரசர். "அன்றைக்கு விழுந்ததிலிருந்து இங்கேதான் வலிக்கிறது."

சிற்றம்பலம் கண்ணைத் திறந்து காவலாளைப் பார்த்தார்.

"சமையல்கட்டுல போய் ஒரு பிடி உப்பு வாங்கிட்டு வாப்பா" என்றார்.