அரசருக்கு வந்த மறுபரீட்சை

தேனருவி நாட்டு அரசர் கனகசேனருக்கு ஒரு வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை அரண்மனைப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். இருபத்தெட்டுப் பிள்ளைகளிடமும் தாமே வாய்ப்பாடு கேட்பார். அந்த ஆண்டு அவர் போனபோது அங்கே மூன்றே பேர்தான் இருந்தார்கள். மற்றவர்களுக்கு வயிற்றுவலியாம். ஒரு பையனை யானைக்கொட்டடி வைக்கோலுக்குள் இருந்து இழுத்து வந்தார்கள்.

அரண்மனை வைத்தியர் வீடு வீடாகப் போய் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். "பயப்பட ஒன்றும் இல்லை, மகாராஜா. இது வயிற்றுப்பாடு அல்ல, வாய்ப்பாடு" என்றார்.

அரசருக்கு வருத்தமாகிவிட்டது. தம்மைக் கண்டால் எதிரி நடுங்கலாம், எட்டு வயதுக் குழந்தை நடுங்கலாமா? பள்ளிக்கூட வாத்தியார் திரிபுராந்தகரைக் கூப்பிட்டு விசாரித்தார். வாத்தியாரோ பிரம்பு போதவில்லை, இன்னும் நான்கு வாங்கித் தந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். சபையில் ஒருவர் மட்டும் சிரித்தார். அவர்தான் மருதப்பன். அரசருக்கு யோசனை சொல்வதும் சிரிக்க வைப்பதும் அவர் வேலை.

வாத்தியாருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. சிரிப்பவரே பிள்ளைகளை வாய்ப்பாட்டுப் பரீட்சைக்குத் தயார் செய்யட்டும், பதினைந்து நாள் போதுமே என்றார். அதோடு விட்டாரா? பிரம்பைத் தொடக் கூடாது, பாடம் நடத்தக் கூடாது, தின்பண்டம் காட்டி ஆசை மூட்டக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனார். தோற்றால் மருதப்பன் ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுதிப் பழகும் மணலைச் சலிக்க வேண்டும்.

மருதப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அரசர் ஆணையிட்டார்: "பதினைந்தாம் நாள் சபையில் பரீட்சை நடக்கும். ஒரு பிள்ளைகூட அழக் கூடாது, ஒரு தப்பும் செய்யக் கூடாது."

மறுநாள் காலையில் மருதப்பன் பிள்ளைகளைத் தம்மைச் சுற்றி உட்கார வைத்தார். பரீட்சை என்ற சொல் காதில் விழுந்ததுமே அரும்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குதிரைலாயக்காரர் மகள் அவள். வகுப்பிலேயே அதிகம் பயப்படுபவளும் அவள்தான்.

"பரீட்சை உங்களுக்கு இல்லை" என்றார் மருதப்பன். "நீங்கள் கேட்கப் போகிறீர்கள். பெரியவர்கள் பதில் சொல்லப் போகிறார்கள்."

யாரும் நம்பவில்லை. அரும்பு மெல்லக் கேட்டாள்: "வாத்தியாரையும் கேட்கலாமா, ஐயா?"

"தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ஒரு விதி. கேட்கிறவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கேட்டால் பெரியவர்கள் ஏமாற்றிவிடுவார்கள்."

அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு வயிற்றுவலி பறந்துவிட்டது. எளிய கணக்கைக் கேட்டால் மந்திரி சொல்லிவிடுவாரே என்று கடினமான கணக்காகத் தேடினார்கள். பன்னிரண்டாம் வாய்ப்பாடு போதவில்லை, பதினாறுக்குப் போனார்கள். வாத்தியார் நடத்தாத பதினேழையும் புளியங்கொட்டையைக் குவித்துக் குவித்துத் தாங்களே கண்டுபிடித்தார்கள். பாதிப் பேர் தேங்காய் நாரில் மீசை வைத்துக்கொண்டு மந்திரிகளாக உட்கார, மீதிப் பேர் கேள்வி கேட்டு மடக்கினார்கள். சாயங்காலம் அம்மாக்கள் வந்து இழுத்த பிறகுதான் வீட்டுக்கே போனார்கள்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்த வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். ஓலைச்சுவடி இருந்த இடத்தில் இருக்கிறது, பிள்ளைகள் மீசை வைத்து விளையாடுகிறார்கள் என்று அரசரிடம் போய்ச் சொன்னார். மணல் சலிக்க ஒரு புதுச் சல்லடையும் வாங்கி வைத்தார்.

பதினைந்தாம் நாள் வந்தது. சபை நிறைந்திருந்தது. அரசர் முதல் கேள்வியைத் தொடங்கும் முன் மருதப்பன் எழுந்தார். பரீட்சை நடக்க வேண்டும் என்றுதான் ஆணை, யார் யாரைக் கேட்பது என்று ஆணையில் இல்லையே என்று பணிவாக நினைவூட்டினார். அரசர் யோசித்துப் பார்த்தார். இல்லைதான். சரி, கேட்கட்டும் என்றார்.

யானைக்கொட்டடியில் ஒளிந்த பையன் முதலில் வந்தான். பதினாறு ஏழு எவ்வளவு என்று மந்திரியைக் கேட்டான். மந்திரி நூற்றிரண்டு என்றார். "நூற்றுப் பன்னிரண்டு" என்று திருத்திவிட்டு அவன் உட்கார்ந்தான். தளபதி பதினேழு ஆறுக்குக் கைவிரல் போதாமல் கால்விரலுக்குப் போனார். சபை குலுங்கியது.

கடைசியாக அரும்பு வந்தாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் நேரே அரசரைப் பார்த்துக் கேட்டாள்: "லாயத்தில் பதின்மூன்று குதிரை. ஒவ்வொன்றுக்கும் பதினான்கு பிடி கொள்ளு. மொத்தம் எத்தனை பிடி, மகாராஜா?"

அரசர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "நூற்று எழுபத்திரண்டு."

அரும்பு ஓரடி முன்னால் வந்தாள். "இல்லை, மகாராஜா. நூற்று எண்பத்திரண்டு. பத்துப் பிடி குறைத்துப் போட்டால் குதிரை பட்டினி கிடக்கும்."

அரசர் வாத்தியார் பக்கம் திரும்பி, யார் சொன்னது சரி என்று கேட்டார். வாத்தியாருக்கு வியர்த்தது. அரசர் தப்பு என்றால் தலை போகலாம். குழந்தை தப்பு என்றால் கணக்கு வாத்தியார் என்ற பேர் போய்விடும். "மகாராஜா சொன்னது சரி. குழந்தை சொன்னதும்... சரிதான்" என்றார்.

அரும்பு தயங்கவில்லை. "ஒரு கேள்விக்கு இரண்டு விடை சொன்னால் பூஜ்யம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள், ஐயா?" என்றபடி ஓலையில் வட்டமாக ஒன்று போட்டாள்.

அரசர் மருதப்பனைப் பார்த்தார். "பிள்ளைகளைச் சோதிக்கச் சொன்னேன். நீ எங்களைச் சோதித்துவிட்டாய்."

"இரண்டும் ஒன்றுதான், மகாராஜா. தப்பைத் தப்பென்று சொல்வதற்குச் சரி தெரிந்திருக்க வேண்டுமே" என்றார் மருதப்பன்.

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பனுக்குப் போட்டார். பிள்ளைகளுக்குக் கூடை கூடையாக அதிரசம் வந்தது. பரீட்சை முடிந்துவிட்டதால் தின்பண்டத்துக்குத் தடை இல்லை. வாத்தியாரின் பிரம்புகள் அவரைக்கொடிக்குப் பந்தல் போடப் போயின.

எல்லாம் முடிந்தபின் அரசர் சிங்காசனத்தை விட்டு இறங்கி அரும்பிடம் வந்தார். குனிந்து, யாருக்கும் கேட்காமல், தமக்கு மறுபரீட்சை உண்டா என்று விசாரித்தார்.

அரும்பு சற்று யோசித்தாள்.

"உண்டு, மகாராஜா. ஆனால் அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லக் கூடாது."