முனையை முழுங்கின டேப்பு

ஒரு ஊர்ல பெரிய கண்காட்சி ஹால் ஒண்ணு. அதோட கடைசி மூலைக் கடையில, சின்ன வெங்காயம் உரிக்கிற மெஷின் ஒண்ணு மேஜை மேல உக்காந்திருந்துச்சு. அதைச் செஞ்சவர் மகுடபதி. கூட அவர் சம்சாரம் கோகிலா.

கடைசி நாள் காலையில மகுடபதி சொன்னது மெஷின் காதுல விழுந்துருச்சு. "இன்னிக்கும் யாரும் வாங்கலைன்னா, போற வழியில பழைய இரும்புக் கடையில இறக்கிரலாம் கோகிலா."

மெஷினுக்கு இருந்தது ஒரே நம்பிக்கை. கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் ருக்குமணியம்மா முதல் நாளே வந்து, சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "உங்க வெங்காயத்தைப் போட்டு எனக்குக் காட்டாதீங்க. கடைசி நாள் சாயங்காலம் என் வெங்காயத்தோட வரேன்"னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க.

"வந்துருவாங்கல்ல?"ன்னு மெஷின் கேட்டுச்சு.

"வாசலைத்தான் பாத்துட்டிருக்கேன். நீ நடுங்காதே, மேஜையும் சேந்து ஆடுது"ன்னுச்சு தலைக்கு மேல இருந்த ஃபோகஸ் லைட்.

கண்காட்சி ஆறு மணி வரைக்கும். நாலரை இருக்கும், வாசல் பக்கத்துல ஒரு சத்தம்.

"கர்ர்ர்ரக்!"

பேக்கிங் டேப்பு கிழியுற சத்தம். அவ்வளவுதான். தெருவுல ஒரு நாய் குரைச்சா மத்ததெல்லாம் எந்திரிக்குமே, அந்த மாதிரி. மிக்சிக் கடை டேப்பு "கர்ரக்!" மசாலாக் கடை டேப்பு "கர்ரக்! கர்ரக்!" கடைசியா பக்கத்து மெத்தைக் கடை.

"டேய், தூங்குறியா?" மெத்தைக் கடை டேப்பு, மெஷின் பக்கத்துல கிடந்த நம்ம கடை டேப்பைக் கூப்பிட்டுச்சு. "எல்லாரும் கிளம்பிட்டாங்கடா! தள்ளுவண்டி கிடைக்காது! கேட்டுல லாரி அடைச்சுக்கும்!"

"யாரு சொன்னா?"

"மசாலாக்காரன்."

"அவனுக்கு யாரு சொன்னா?"

"கேள்வி கேக்குற நேரமாடா? கத்துடா!"

நம்ம டேப்புக்குத் தொண்டை அரிச்சுது. டப்பாவுக்குள்ள கிடந்த ஸ்க்ரூ டிரைவரும் துள்ளிக் குதிச்சுது. "லைட்டை முதல்ல கழட்டுங்க!"

"அறிவிருக்கா உனக்கு? என்னைக் கடைசியாத்தான் கழட்டணும். நான் அணைஞ்சா கடை மூடுன மாதிரி"ன்னு லைட் சீறுச்சு.

கோகிலாவுக்கும் கை பரபரன்னு இருந்துச்சு. "ஏனுங்க, எல்லாரும் கட்டறாங்க. நாமளும் கட்டிரலாமுங்களா?"

"அந்தம்மா வரேன்னாங்களே..."

"தள்ளுவண்டி கிடைக்காட்டி நீங்கதான் இதைத் தலையில தூக்கிட்டு வருவீங்களாக்கும்?"

மகுடபதி மெஷினைத் தூக்கி அட்டைப்பெட்டிக்குள்ள இறக்குனார். மூடி கவுந்துச்சு. உள்ள இருட்டு.

"டேப்பண்ணே," இருட்டுக்குள்ளருந்து மெஷின் கூப்பிட்டுச்சு. "உங்க சத்தம்தான் எனக்குக் கடைசிச் சத்தமாட்ட இருக்கு."

டேப்பு எச்சில் முழுங்குச்சு. முழுங்கும்போது தன் முனையையும் சேத்து முழுங்கிருச்சு.

கோகிலா உருட்டி உருட்டிப் பாத்தா. நகத்தால சுரண்டுனா. "முனையைக் காணோமுங்க."

"கண்ணாடியைப் போட்டுப் பாரு."

"போட்டுட்டுத்தானுங்க தேடறேன்."

"குடு இங்க." அவரும் சுரண்டுனார். மூணு சுத்து சுத்துனார். "என்ன எழவு டேப்பு இது!"

மெத்தைக் கடை வண்டி ஏறிப் போயிருச்சு. எதிர்க்கடையும் போயிருச்சு. டேப்பு பல்லைக் கடிச்சுக்கிட்டு கிடந்துச்சு.

"ஏம்ப்பா, யாரு துரத்துறாங்கன்னு எல்லாரும் ஓடறீங்க?"

ருக்குமணியம்மா! கையில துணிப்பை.

"உங்க லைட்டு ஒண்ணுதான் எரியுது. அதைப் பாத்துத்தான் வந்தேன். வாசல்ல முதல் கடைக்காரர் பாவம், விழுந்த பேனரை டேப்பு போட்டு ஒட்டிட்டிருந்தாராம். நிமிர்ந்து பாத்தா ஊரே காலி பண்ணுதுன்னு புலம்பறார்."

மகுடபதி கோகிலாவைப் பாத்தார். கோகிலா டேப்பைப் பாத்தா.

மெஷின் வெளிய வந்துச்சு. பையிலருந்து கொட்டுனது மழையில நனைஞ்ச வெங்காயம், தோல் ஒட்டிப் பிடிச்ச வெங்காயம். மெஷின் கண்ணை மூடிக்கிட்டு சுத்துச்சு. தோல் பறந்து ருக்குமணியம்மா கொண்டையில உக்காந்துச்சு. அவங்க உரிஞ்சு விழுந்த வெங்காயம் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாங்க. லைட் மூச்சு விடல.

"ரெண்டு குடுங்க."

"இது ஒண்ணுதானுங்க இருக்கு."

"அப்ப இன்னொண்ணு செய்ங்க. இதைக் கட்டுங்க."

ஆறு மணி ஆச்சு. கோகிலா டேப்பு மேல விரலை வெச்சா. முனை தானா எந்திரிச்சு நின்னுச்சு.

"கர்ர்ர்ரக்!"

காலி ஹால்ல சத்தம் போயி முட்டுச்சு. வாசல் பக்கத்துலருந்து ஒரே ஒரு டேப்பு, பேனர் ஒட்டுன அந்த டேப்பு, பதில் சொல்லுச்சு.