கப்பல் பாக்கப் போன நண்டு

அந்தக் காலத்துல கடல்ல இருந்த எல்லாத்துக்கும் வாய் இருந்துச்சு. பேசறதுக்கு விஷயம்தான் இல்ல. அப்படி இருக்கயிலதான், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு தீவோட தென்கரையில பெரிய பாய்மரக் கப்பல் ஒண்ணு பாறையில மோதி, பக்கவாட்டுல சாஞ்சு கெடந்துச்சு. வந்த மனுசங்க ஒருத்தரும் பிழைக்கல. எந்த நாட்டுக் கப்பல், எங்க போக இருந்துச்சு, ஒண்ணும் தெரியாது. வருசம் ஏற ஏற, கப்பலோட பேரும் ஏறிச்சு. "சாப்பிட்டாச்சா"ன்னு கேட்டுக்கிட்டிருந்த கடல் சனம், "கப்பல் பாத்தாச்சா"ன்னு கேக்க ஆரம்பிச்சுது. இல்லைன்னு சொன்னா, கேட்டவங்க ஒரு மாதிரியாப் பாப்பாங்க.

ராயப்பன்னு ஒரு நண்டு. அவரு இன்னும் பாக்கல.

நண்டுங்க அவங்கவங்க முதுகு ஓட்டை அவங்கவங்களே சுரந்து கட்டிக்கிட்ட காலம் அது. குளிக்கறப்போ கழட்டலாம், தொடைச்சு மறுபடி மாட்டிக்கலாம். ராயப்பனோட ஓடு சாம்பல் நிறத்துல, சுருள் சுருளா, அவருக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கும். அதுக்குள்ள இருந்த உடம்பு அல்வாதான். பருந்து பாத்துச்சுன்னா ஒரு வாய்க்குக் காணாது. அதனால அவருக்கு வீடு, சட்டை, உசுரு எல்லாம் அந்த ஓடுதான்.

ஓட்டுக்கு உள்பக்கம், இடது தோள் படுற இடத்துல ஒரு கீறல். கல்யாணத்தன்னைக்கு அவரு சம்சாரம் சலேத் வெக்கத்துல கொடுக்கால போட்டது. வெளிய தெரியாது. நடந்தா லேசா உறுத்தும்.

"உறுத்துனா தேச்சு விடட்டுமா?"ன்னு சலேத் கேப்பா.

"கெடக்கட்டும். பழகிடுச்சு"ம்பாரு.

ஒரு நாள் தண்ணி நல்லா வத்தினப்போ, ராயப்பன் குடும்பம், மச்சான், கொழுந்தியா, சித்தப்பா வகையறான்னு நண்டுக் கூட்டமே கப்பல் பாக்கக் கிளம்புச்சு. கப்பல் வயித்துல ஒரு ஓட்டை. அதுதான் வாசல். வாசல்ல ஒரு நாரை. யாரும் காவலுக்குப் போடல, தானா வந்து நின்னுக்கிட்டது. ஆனா நிக்கிற நிலையைப் பாத்தா கேக்கத் தோணாது.

"செத்தவங்க இருந்த எடம். கால்ல இருக்கறதைக் கழட்டிட்டு உள்ள போங்க"ன்னுச்சு நாரை.

முன்னால நின்ன ஆமை, "இருந்தாத்தானே கழட்ட"ன்னு சொல்லிட்டு அது பாட்டுக்கு நடந்துச்சு. பிரச்சினை அதோட முடிஞ்சிருக்கணும்.

ராயப்பன் தன்னோட கால்களைப் பாத்தாரு. ஒரு காலு விடாம பாத்தாரு. எதுலயும் ஒண்ணும் இல்ல. ஆனா செத்தவங்க எடத்துக்குள்ள, வாசல்ல ஒண்ணுமே கழட்டாம நுழையறது அவருக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. சுத்திமுத்தும் பாத்தாரு. ஓட்டைக் கழட்டி வாசலோரமா வச்சாரு.

"ஏங்க, கால்ல இருக்கறதைத்தான சொன்னாரு?" சலேத் பதறிட்டா.

"சத்தம் போடாத. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

பின்னால நின்ன மச்சான் இதைப் பாத்தாரு. ராயப்பன் கழட்டி, நாம கழட்டலைன்னா நல்லாவா இருக்கும்? அவரும் கழட்டினாரு. சித்தப்பா கழட்டினாரு. கொழுந்தியா, "கூட்டத்துல நான் மட்டும் என்ன..."ன்னு முனகிக்கிட்டே கழட்டினா. வாசல்ல ஓடு வரிசையா நின்னுச்சு.

"நான் வெளிய நிக்கறேன். ஆளுக்கு ஒருத்தரா மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்"ன்னா சலேத்.

நாரை திரும்பாமலே சொல்லிச்சு: "உள்ள போறவங்க போங்க. வாசல்ல கூட்டம் போடாதீங்க."

"யாரு எடுக்கப் போறா? வா"ன்னாரு ராயப்பன்.

சலேத்தும் கழட்டி, அவரு ஓட்டுக்குப் பக்கத்துல ஒட்டி வச்சா.

உள்ள ஒரு விலாங்கு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துச்சு. தினம் சொல்லிச் சொல்லி அதோட குரலுக்கே தூக்கம் வந்திருந்துச்சு. "தொடாதீங்க, சாயாதீங்க, முட்டை போடாதீங்க. இது பீரங்கி. இப்போ கலவா மீன் குடும்பம் இருக்கு, எட்டிப் பாக்காதீங்க. இது மணி. கப்பல் முழுகறப்போ அடிச்சது. யாருக்குக் கேட்டுச்சுன்னு தெரியாது. அடுத்து வாங்க."

அடுத்து ஒரு சின்ன அறை. மரக்கட்டில் ஒண்ணு, பாதி மணலுக்குள்ள. கட்டிலுக்குக் கீழ ஒரு ஜோடி தோல் செருப்பு. பக்கத்துப் பக்கத்துல, ஒழுங்கா, வாசலைப் பாக்க வச்சிருந்துச்சு.

"இது செருப்பு"ன்னுச்சு விலாங்கு. "கழட்டி வச்சவரு திரும்பி வரல. அடுத்து வாங்க."

யாரும் அடுத்து போகல. ராயப்பன் அந்த ஜோடியைப் பாத்துக்கிட்டே நின்னாரு. சலேத் அவரு பக்கத்துல ஒண்டி நின்னா.

"ஏங்க..."

"தெரியும். நட."

ரெண்டு பேரும் வேகவேகமா வாசலுக்கு வந்தா, வரிசையில மத்தவங்க ஓடெல்லாம் அப்படியே இருந்துச்சு. முதல் ரெண்டு எடம் மட்டும் காலி. மணல்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வட்டமா குழி.

"அண்ணாச்சி, எங்க ஓடு?"

"சாம்பல் நிறமா? சுருளா?"

"ஆமா!"

"இப்பத்தான் ஒருத்தரு போட்டுக்கிட்டுப் போனாரு. கூட ஒரு அம்மா. ரெண்டு பேருக்கும் எடுப்பா இருந்துச்சு."

"ஆளு யாருவே அது?"

நாரை கொஞ்சம் யோசிச்சுது. "முதுகைத்தான் பாத்தேன்."

"நீரு எதுக்குவே வாசல்ல நிக்கிறீரு?"

"வாசல்னா யாராவது நிக்கணும்ல."

மணல்ல ஒரு நெழல் ஓடிச்சு. திரும்பி வந்துச்சு. மேல பருந்து வட்டம் போட்டுச்சு. வட்டம் வரவரச் சின்னதாச்சு. சலேத்தோட முதுகு வெயில்ல மினுங்குச்சு. அவ்வளவு வருசம் கூட வாழ்ந்தவரு, அந்த முதுகைப் பட்டப்பகல்ல பாக்கறது அதுதான் முதல் தடவை.

ராயப்பன் வரிசையில இருந்த மச்சான் ஓட்டை இழுத்து அவ பக்கம் தள்ளினாரு.

"அடுத்தவங்களுதுங்க."

"தெரியும். குனிஞ்சு நுழை."

அவ நுழைஞ்சா. அவரு சித்தப்பா ஓட்டுக்குள்ள நுழைஞ்சாரு. அது அவருக்கு லூசா இருந்துச்சு. பருந்தோட நகம் அது மேல டொக்குன்னு பட்டுச்சு. பிடி கெடைக்கல, வழுக்கிப் போச்சு.

உள்ள இருந்து மச்சான் வந்தாரு. "எங்க என் ஓடு?" மேல பாத்தாரு. கொழுந்தியா ஓட்டுக்குள்ள பூந்தாரு. சித்தப்பா வந்தாரு, மேல பாத்தாரு, கெடைச்சதுக்குள்ள பூந்தாரு. கடைசியா வந்தவங்களுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. என்னைக்கோ செத்துப்போன நத்தைங்களோட சங்கு கரையில கெடந்துச்சு. அதுக்குள்ள ஓடி ஒளிஞ்சாங்க. பருந்து கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிருச்சு. சொந்த ஓட்டுல ஊர் திரும்பின நண்டு அன்னைக்கு ஒண்ணு கூட இல்ல.

அதுக்கப்புறம் யாருக்கும் ஓடு சுரக்கல. வச்சிருந்ததை வாசல்ல விட்டுட்டு வந்ததுக்கு உடம்பே கோவிச்சுக்கிச்சு போல.

வழியில சலேத், "எனக்கு இது வசதியாத்தான் இருக்கு. உங்களுக்கு?"ன்னா.

"எதுவுமே உறுத்தல"ன்னாரு ராயப்பன். அவரு குரல் நல்லா இல்ல.

அன்னைக்கு முதக்கொண்டுதான், அந்த வகை நண்டு அடுத்தவங்க ஓட்டுல குடியிருக்கு. கரையில ஒரு சங்கு காலியாக் கெடந்தாப் போதும், சுத்திச் சுத்தி வரும். காலை உள்ள விட்டு, இடது பக்கமாத் தடவித் தடவிப் பாக்கும். அளவு பாக்குதுன்னு நாம நெனைக்கறோம். அப்புறம் நுழையும், ரெண்டடி நடந்து பாக்கும். எங்கயும் உறுத்தலைன்னா வெளிய வந்து, அடுத்த சங்கைப் பாக்கப் போயிரும்.