மூன்று பேர் தள்ளிய வண்டி

வீட்டில் ஒரு பொருள் உடைந்தால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கை காட்டுவதுதான் உலக வழக்கம். சங்கரன்கோவிலில் ஒரு வீட்டில் அது தலைகீழாக நடந்தது. ஒரே மோட்டார் சைக்கிளை "நான்தான் தள்ளினேன்" என்று மூன்று பேர் பழிக்குப் போட்டி போட்டார்கள். உண்மையைக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு. நான் எதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வண்டி பொன்செல்வியுடையது. அவள் கால்நடை மருத்துவர். கோமதிநாயகத்துக்கும் சண்முகவடிவுக்கும் ஒரே மகனான சங்கரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வருஷம்தான் அந்த வீட்டுக்கு வந்திருந்தாள். வேலை உத்தரவு வந்ததும், கரட்டுப் பாதையில் ஊர் ஊராகப் போக வேண்டுமே என்று, கனமான வண்டியாகப் பார்த்து வாங்கினாள். கடையிலிருந்து நேரே வீட்டுக்கு ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினாள்.

"ஆம்பளைங்களே நிமுத்தத் திணறுத வண்டி. இவ எங்கயாவது காட்டுப் பாதையில விழுந்து கெடந்தா யாரு பாப்பா?" என்றாள் மாமியார்.

"எனக்கு ஓட்டத் தெரியும் அத்தை."

பேச்சு வளர்ந்தது. கடைசியில் சண்முகவடிவு, "அந்த வண்டிப் பக்கம் நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதையெல்லாம் சங்கரிடம் சொல்லி அனுப்பிக்கொண்டார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தே அவன் இளைத்துப்போனான்.

ஒருநாள் பொன்செல்வி அவனிடம் சொன்னாள்: "அத்தைக்கு என்னையப் பிடிக்கலைன்னா விடுங்க. மாட்டாஸ்பத்திரிப் பக்கமே ஒரு வீடு பாத்துப் போயிருவோம்." அடுத்த அறையிலிருந்த கோமதிநாயகத்தின் காதிலும் அது விழுந்தது. மருமகள் வந்தபின்தான் வீடு கலகலவென்று இருந்தது. அது போய்விடுமோ என்று அப்பாவும் மகனும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்கள்.

பொன்செல்வி வேலையில் சேரும் நாள் வந்தது. அவளுக்குப் பிடிக்குமே என்று எலுமிச்சைச் சோறு கட்டித் தரும்படி சங்கர் முந்தின நாளே அம்மாவிடம் சொல்லி, பழமும் வாங்கிக் கொடுத்திருந்தான். காலையில் டிபன் டப்பாவைத் திறந்தால் புளிச்சோறு. பொன்செல்வி டப்பாவை மூடி வைத்தாள். வேறு வீடு பார்ப்பதுதான் சரி என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வாசலில் தடால் என்று சத்தம் கேட்டது. பாதிப் பின்னலோடு ஓடி வந்தாள்.

எப்போதும் இடப்பக்கம் சாய்வாக ஸ்டாண்டு போட்டு நிறுத்துகிற வண்டி, வலப்பக்கமாக விழுந்து கிடந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஸ்டாண்டு உள்ளே மடிந்திருந்தது. முன்சக்கரத்துக்கு அடியில் தரை கொஞ்சம் ஈரமாக இருந்தது. வாசலில் மூன்று பேரும் நின்றார்கள்.

கோமதிநாயகத்துக்குப் பாதி முகத்தில் சவரச் சோப்பு, கையில் ரேசர். "நாந்தாம்மா. பேப்பர் எடுக்கக் குனிஞ்சேன். முதுகு பட்டு விழுந்துட்டு."

சங்கர் பல் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்தான். "அப்பா சும்மா சொல்லுதாக. நாந்தான் அவசரத்துல இடிச்சிட்டேன்."

சண்முகவடிவு சுவரோரமாக நின்றாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. மருமகளைப் பார்க்காமல் மகனிடம் சொன்னாள்: "லேய் சங்கரு, நாந்தான் தள்ளினேன்னு அவகிட்டச் சொல்லு. வேணும்னே தள்ளினேன்னு வச்சுக்கிடச் சொல்லு."

பொன்செல்வி விழுந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

உங்களுக்கு? வண்டியைத் தள்ளியது யார்? எதற்காக?

விடை: ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிற கனத்த வண்டி முதுகு பட்டதற்கெல்லாம் வலப்பக்கம் விழாது. யாரோ இரண்டு கையாலும் அதை நிமிர்த்தி, ஸ்டாண்டை மடக்கி, முன்னால் தள்ளியிருக்க வேண்டும். ரேசர் பிடித்த கையும் பிரஷ் பிடித்த கையும் அதைச் செய்திருக்காது. சண்முகவடிவுதான் தள்ளினாள். பூசை போடாமல் வீட்டுக்கு வந்த வண்டியில் பிள்ளை முதல் நாள் வேலைக்குப் போகிறாளே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. சோற்றுக்கு வாங்கிய எலுமிச்சையை முன்சக்கரத்தடியில் வைத்து, தானே ஏற்றப் பார்த்தாள். பழம் நசுங்கியது, பாரம் தாங்காமல் வண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. எட்டிப் பார்க்க மாட்டேன் என்றவள் இதை எப்படிச் சொல்வாள்? பொல்லாதவள் என்று பேர் வாங்கினாலும் வாங்குவாளே தவிர, இறங்கி வந்தாள் என்ற பேரை வாங்க மாட்டாள். பழி அவள் மேல் விழுந்தால் மருமகள் வீட்டை விட்டே போய்விடுவாளே என்று ஆண்கள் இருவரும் நல்ல மனசோடுதான் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யைப் பொன்செல்வி நம்பியிருந்தால் மாமியாரின் அன்பு அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அவள் சங்கரோடு சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு மாமியாரிடம் போய், முந்தானைக்குள் இருந்த கையை மெல்ல வெளியே எடுத்து விரித்தாள். உள்ளே இன்னொரு எலுமிச்சை இருந்தது.

"பின்சக்கரத்துக்கு வைக்கலையே அத்தை. நீங்களே வைங்க, நான் ஏத்துதேன்."

சண்முகவடிவு குனிந்து வைத்தாள். வண்டி பழத்தின் மேல் ஏறித் தெருவில் இறங்கியது. சங்கர் வழக்கம்போல் அம்மா என்ன சொல்லி அனுப்பப்போகிறாள் என்று காத்து நின்றான். அவள் அவனைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டாள்.

"மெதுவாப் போ தாயி" என்றாள்.